வரப்பெலியும் கூண்டெலியும்

சம்பா அறுத்து, அடியில் தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும் நாள்களில் மன்னார்குடியைச் சுற்றியுள்ள வயல்களில் எலி வெட்ட ஆள் இறங்குவார்கள். மண்வெட்டி, கடப்பாரை, ஒரு சாக்கு, அவ்வளவுதான் சாமான். வரப்புச் சரிவில் ஈரம் காயாத பொடிமண் குவிந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது. வளைக்குள் போனதும் மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்வது அதன் வழக்கம். விவரம் தெரிந்தவர் குவியல் இருக்கும் இடத்தில் வெட்டத் தொடங்க மாட்டார். வரப்பின் மறுபக்கம் போய்க் காலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஆபத்தென்றால் முட்டித் திறந்துகொண்டு ஓட, மேல்மண்ணை மட்டும் மெல்லிசாக விட்டுவைத்த வழி ஒன்று எங்காவது இருக்கும். அதை மிதித்து அடைத்த பிறகுதான் மண்வெட்டியைத் தூக்குவார். வெட்ட வெட்ட வளை கிளை பிரியும். ஒரு கிளை முழுக்க நெற்கதிர், காம்போடு நறுக்கித் திணித்தபடி. இன்னொன்றில் வைக்கோலைக் கிழித்துப் போட்ட மெத்தை. அதில் ஓர் எலி. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். கூட ஏதாவது இருந்தால் அது கண் திறக்காத குஞ்சுகளாக இருக்கும்.

இதைப் பார்த்தே வளர்ந்த ஊரில், எலி என்றால் தனிக்கட்டை என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதில் வியப்பில்லை. எங்கள் தெருவில் சென்னைக்குப் படிக்கப்போன பையன் ஒருவன் இரண்டு வெள்ளை எலிகளைக் கூண்டோடு கொண்டுவந்தான். ஒன்று செத்துப்போனது. மிஞ்சியது மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தீனியைப் பாதியில் விட்டது. கண்ணோரம் சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் வீட்டில் இரண்டு யோசனைகள் எழுந்தன. "ஏன்டா தம்பி, வயல்ல இல்லாத எலியா? எலி வெட்டுறவங்ககிட்ட சொன்னா உசுரோட ஒண்ணு புடிச்சுத் தருவாங்க, உள்ள விடு" என்றார் பாட்டி. "எலி தனியாத்தானே இருக்கும், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றார் அப்பா. இரண்டும் அனுபவத்திலிருந்து வந்த பேச்சு. ஆனால் அந்த அனுபவம் வேறோர் எலியைப் பற்றியது. இரண்டு எலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், கூண்டில் இருப்பதற்குத் துணை தேட முடியாது.

வரப்பை வெட்டினால் அகப்படுவது பெரும்பாலும் பாண்டிகோட்டா பெங்கலென்சிஸ் என்று விலங்கியலார் அழைக்கும் வயலெலி. பெருச்சாளிக்குப் பங்காளி, உருவில் சிறியது. மெத்தென்ற மயிருள்ள புல்லெலியும் வயல் சுண்டெலியும் அதே வயல்களில் உண்டு. ஆனால் சேதத்தில் முதலிடம் வயலெலிக்குத்தான். கூண்டில் இருப்பது ராட்டஸ் நார்வெஜிகஸ். பெயரில் நார்வே இருந்தாலும் அதன் பூர்வீகம் வடசீனமும் மங்கோலியாவும் சேர்ந்த பகுதி. கப்பலேறி உலகம் சுற்றியது. இந்தியாவில் துறைமுக நகரங்களில் காலூன்றியது. மன்னார்குடி ஓட்டு வீடுகளின் பரணில் ஓடும் வீட்டெலி இன்னொரு இனம். ஆக, வெள்ளை எலிக்கு இந்த ஊர் மண்ணில் சொந்தக்காரன் என்று ஒருவனும் இல்லை.

கருக்காலம் இரண்டுக்கும் ஏறத்தாழ 3 வாரம். இரண்டும் ராத்திரிப் பிராணிகள்; பல் ஓயாமல் வளர்வதால் இரண்டுக்கும் எதையாவது கொறித்தாக வேண்டும். ஒற்றுமை இந்த அளவோடு நின்றுவிடுகிறது. வயலெலிக்கு இன்னொரு முதிர்ந்த எலி என்றால் போட்டியாளர். ஒரே கூண்டில் இரண்டை அடைத்தால் முதுகுமயிர் குத்திட்டு நிற்கும்; பன்றிபோல ஓர் உறுமல் வரும்; பிறகு ரத்தம். சேர்க்கைக் காலத்தில் ஆண் வந்துபோவதோடு உறவு முடிந்தது. அது கதிர் சேமிப்பதையும் வளைவாயை அடைப்பதையும் இந்தத் தனிவாழ்வோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பூட்டிய களஞ்சியத்துக்குள் இன்னொருவனை யார் விடுவார்கள்?

கூண்டெலியின் முன்னோர் வாழ்ந்த வளைகளோ கூட்டுக்குடித்தனம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகத் தூங்கும். தன் நாக்கு எட்டாத பிடரியை மற்றொன்று நக்கிச் சுத்தம் செய்யும். தாய்கள் இரண்டு ஒரே சமயத்தில் ஈன்றிருந்தால் குஞ்சுகளை ஒன்றாகப் போட்டுப் பால் கொடுப்பதும் உண்டு. குஞ்சுகள் விளையாட்டுச் சண்டையில் பிடரியைக் குறிவைத்துப் பாயும். நிஜச் சண்டையில் பின்முதுகையும் விலாவையும் கடிக்கும். இந்த வித்தியாசத்தை அவை ஒன்றோடொன்று புரண்டுதான் கற்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் யாக் பாங்க்செப் 1990-களின் கடைசியில் எலிகளை விரலால் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் சிறுசிறு ஒலிகள் வந்தன. விளையாட்டின்போது அவை தங்களுக்குள் எழுப்பும் அதே ஒலி. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கூண்டுக்குப் பக்கத்திலேயே நாம் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பேச்சு நமக்குக் கேட்காது.

'நான்தான் தினம் கையில் எடுத்து விளையாடுகிறேனே, துணை எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: எலி விழித்திருக்கும் நேரம் நாம் தூங்குகிறோம். நம் விரல் பிடரியைச் சொறியலாம். கூடவே சுருண்டு படுத்துச் சூடு தர முடியாது.

துணை என்பது எலிக்குக் கல்வியும்கூட. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் 1980-களில் செய்த சோதனைகளில், ஓர் எலி வெளியே போய்ப் புதுத் தீனி ஒன்றைத் தின்றுவிட்டு வந்தது. அதன் வாயை மோந்து பார்த்த இன்னோர் எலி பிறகு அதே தீனியைத் தேடித் தின்றது. வெறும் தீனி வாசனை போதாது. உயிருள்ள எலியின் மூச்சுக்காற்றோடு கலந்து வரவேண்டும். புதிய எதையும் சந்தேகப்படும் பிராணிக்கு, தோழனின் வாய் ஒரு நற்சான்று. நம் வயலில் விஷத் தீனி வைப்பவர்கள் முதல் சில நாள் விஷமில்லாத தீனியை வைத்துப் பழக்குவது எலிக்குள்ள இந்தச் சந்தேகத்தைத் தெரிந்துகொண்டுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-ஆமி பார்டல், ஜான் டெசட்டி, பெக்கி மேசன் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். குறுகிய குழாயில் அடைபட்ட கூண்டுத்தோழனை எலி கதவு திறந்து விடுவித்தது. பக்கத்தில் இன்னொரு குழாயில் சாக்லேட் வைத்தால் அதையும் திறந்தது. பல தடவை பங்கும் விட்டது. எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது அதே குழுவினர் 2014-இல் கண்டது. பழக்கமில்லாத வேறு நிற வகை எலி அடைபட்டிருந்தால் வெள்ளை எலி உதவ முன்வரவில்லை. அந்த வகை எலி ஒன்றோடு சில நாள் சேர்ந்து வாழவிட்ட பிறகு அந்த வகையின் அந்நியனுக்கும் உதவியது. எலியின் நட்பு கூட வாழ்ந்து சம்பாதிக்க வேண்டிய ஒன்று. துணை தேடுபவர் நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

தனிமையின் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. மார்த்தா மக்ளின்டாக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தனியே வைத்து வளர்த்த பெண் எலிகளுக்குக் கூட்டமாக வளர்ந்தவற்றைவிட மார்புக் கட்டிகள் பல மடங்கு பெருகின. அப்பா சொன்ன 'ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்' வரப்பெலிக்கு முழுக்கப் பொருந்தும். கூண்டெலிக்குச் சரியாகாது; அடங்கிப்போகும், அவ்வளவுதான். கண்ணோரச் சிவப்பு ரத்தமல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி அது. நோயிலும் மன நெருக்கடியிலும் கூடுதலாக வழியும். ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி நுரையீரல் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே 'ஏக்கம்' என்று முடிவுகட்டலாம்.

இந்த இரண்டு எலிகளும் இப்படிப் பிரிந்து நிற்பதில் மனிதன் கைக்கும் பங்கு உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எலி பிடிப்பவரின் கருவி கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்வது. தீனிக்குக் கழுத்தை நீட்டியதும் இறுக்கிவிடும். அந்தியில் வரப்போரம் நட்டுவிட்டு விடிகாலையில் போய் எடுப்பார்கள். எலிக்கு இவ்வளவு என்று கூலி. உயிரோடு எலி வேண்டிய தேவை இந்தத் தொழிலில் எழவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிலைமை வேறு. அங்கே குழிக்குள் எலிகளைக் கொட்டி நாயை இறக்கி, எத்தனை நேரத்தில் எத்தனை கொல்கிறது என்று பந்தயம் கட்டினார்கள். அதற்கு உயிரெலி நூற்றுக்கணக்கில் வேண்டும். கூண்டில் மொத்தமாக அடைத்து வைக்க வேண்டும். விக்டோரியா அரசியின் எலிபிடிப்பாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், அப்படி அகப்பட்டவற்றில் வெள்ளையும் புள்ளியுமாக இருந்தவற்றைத் தனியே எடுத்து இனவிருத்தி செய்து விற்றார். 1901-இல் ஐல்ஸ்பரி நகரச் சுண்டெலிக் கண்காட்சியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. 1906 முதல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் ஆய்வகங்களுக்கென்று ஒரு வெள்ளை வகையை உருவாக்கியது. நெருக்கியடித்த கூண்டில் கடித்துக்கொள்ளாமல் தாக்குப்பிடித்தவையே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கும் என்பது என் ஊகம். வரப்பெலியை அப்படி அடைத்திருந்தால் மறுநாள் விற்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அரசின் கணக்கிலும் இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு வேளாண் துறையின் எலி ஒழிப்பு இயக்கம், துத்தநாக பாஸ்பைடு, புரோமடையலோன். மற்றதன்மேல் ஆய்வகத்தில் ஊசி போடுவதற்குக்கூட நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கூட்டமாக வாழும் விலங்கைக் கூடுமானவரை சோடியாகவோ கூட்டமாகவோ வைக்கச் சொல்கின்றன நம் நாட்டு ஆய்வக விலங்கு வழிகாட்டு நெறிகள். பாவம், வீட்டுக் கூண்டெலிக்கு அந்தச் சலுகையைச் சொல்ல ஆளில்லை.

என் ஒப்பீட்டைக் குழப்பும் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் இதே வயலெலியை ஆராய்ந்து ஹுவான் ஸ்பில்லெட் 1968-இல் ஒரு நூல் எழுதினார். வரப்பில் ஒண்டியாக இருக்கும் அதே இனம் அங்கே மூட்டைகளுக்கு நடுவில் ஏராளமாக நெருங்கி வாழ்ந்தது. அப்படியென்றால் தனிமை அதன் ரத்தத்தில் இல்லையா? நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தீனி மலைபோலக் குவிந்து காவல் காக்க ஒன்றும் இல்லாதபோது அது மற்றதைச் சகித்துக்கொள்கிறது. சகிப்பு வேறு, துணை வேறு. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு இரவெல்லாம் வரிசையில் கிடப்பவர்களை யாரும் குடும்பம் என்று சொல்வதில்லை. பாட்டியின் யோசனைக்கு இந்தக் கிடங்குக் கதை வலு சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கூண்டும் ஒரு தீனிக் கிண்ணமும் கிடங்கல்ல.

அந்த யோசனையை ஒரேயடியாகத் தள்ள வேறு காரணமும் உண்டு. வயலெலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி பரவும். சேற்றில் வேலை செய்பவர்கள் பட்டு அறிந்த நோய் இது. அப்படியொன்றை வீட்டுக்குள் கொண்டுவருவது எலிக்கு மட்டுமல்ல, கூண்டைக் கழுவும் பையனுக்கும் ஆபத்து. பரண் எலியும் ஆகாது. செல்லப்பிராணிக் கடைகளில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. வெள்ளை எலி என்று கேட்டால் பல இடங்களில் எடுத்துக் காட்டுவது வெள்ளைச் சுண்டெலி. எலிக்கு அது இரை, ராத்திரியோடு கொன்றுவிடலாம். ஹாம்ஸ்டரும் வேண்டாம். கடைகளில் அதிகம் விற்கும் சிரிய ஹாம்ஸ்டர், குணத்தில் நம் வரப்பெலிக்குத் தம்பி. தனியே இருந்தால்தான் அதற்கு நிம்மதி. கினிப் பன்றியைத் தனியே வைக்கக் கூடாதென்று சுவிட்சர்லாந்து 2008-இல் விதி கொண்டுவந்தது. அதற்காகக் கினிப் பன்றியை எலியோடு சேர்த்துவிட முடியாது.

எலிக்கு எலிதான் துணை. அதிலும் என் சிபாரிசு, ஒன்றல்ல, ஐந்தாறு வாரம் முதல் எட்டு வாரம் வரையிலான இரண்டு குட்டிகள், பழையது எந்தப் பாலோ அதே பாலில். ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தால் 3 வாரத்தில் கூண்டு நிறைந்துவிடும். குட்டிகளும் ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்கும். கடைக்காரர் பால் பிரித்துச் சொல்வதை அப்படியே நம்பாமல் வாலைத் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். வளர்ந்த ஆணோடு வளர்ந்த ஆணைச் சேர்ப்பதுதான் மிகக் கடினம். குட்டியைப் பெரிய எலி பெரும்பாலும் எதிரியாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு குட்டி எதற்கென்றால், கிழ எலியால் குட்டியின் துள்ளலுக்கு ஈடுகொடுக்க முடியாது. அவை இரண்டும் தங்களுக்குள் புரண்டு களைத்துப்போய்த்தான் கிழத்தின் பக்கத்தில் வந்து படுக்கும்.

வாங்கி வந்த அன்றே சேர்க்கக் கூடாது. இரண்டு வாரம் வேறு அறையில் வைத்துத் தும்மல், மூச்சிரைப்பு, பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, படுத்த துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழக வேண்டும். உழவு மாட்டில் ஒன்று போய்விட்டால் சந்தையிலிருந்து கொண்டுவந்த புது மாட்டை நேரே நுகத்தில் பூட்டாமல், சில நாள் எட்டத்தில் கட்டிப் பார்வை பழக்குவார்களே, அந்தப் பொறுமைதான் இங்கேயும். முதல் சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நடக்க வேண்டும். காய்ந்த தண்ணீர்த் தொட்டி அதற்கு வெகு வசதி: ஒளிய மூலையில்லை, ஏறி ஓட வழியில்லை, நாமும் விளிம்பில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்தச் சில நிமிடங்களில் பார்க்க வேண்டியவை உண்டு. பழைய எலி புதியதன் பின்பக்கத்தை மோந்து பார்க்கும். கீழே தள்ளி மல்லாத்திப் பிடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி நக்கும்; குட்டி கீச்சிடும். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறினாலும் இது அதிகாரம் காட்டும் முறைதான். குறுக்கே கையை நீட்டக் கூடாது. உடம்பு மயிரெல்லாம் சிலிர்த்து, முதுகை வளைத்து, நேரே வராமல் பக்கவாட்டில் நண்டு நடையாக நெருங்கினால்தான் கவனிக்க வேண்டும், அது தாக்கப்போகிறது. நடுவில் தடித்த துண்டைப் போட்டுப் பிரிக்கலாம். வெறுங்கையை நீட்டினால் கடி நமக்குத்தான். ரத்தம் வந்தால் அன்றைக்கு முடிந்தது. சில நாள் விட்டு மறுபடி. ஒரே நாளில் ஒட்டிக்கொள்பவையும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பவையும் உண்டு. கடைசியில் கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே இருந்த சாமான்களை இடம் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட வேண்டும். தீனிக் கிண்ணம் தலைக்கொன்று இருக்கட்டும்.

தீனி என்றதும் குன்னூர் நினைவுக்கு வருகிறது. ராபர்ட் மக்காரிசன் 1920-களில் அங்கே வெள்ளை எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவைத் தின்றவை முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை கடைசி இடம். இன்னொரு சோதனையில் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட தேநீர் என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவைப் பெற்ற எலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 60-ஆம் நாள் வாக்கில் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. நல்ல உணவு பெற்ற கூட்டம் இணக்கமாக இருந்தது. காவிரிப் பாசன ஊரில் கூண்டெலிக்குப் பெரும்பாலும் விழுவது மீந்த வெள்ளைச் சோறு. துணை கொண்டுவந்து விட்டும் சண்டை ஓயவில்லை என்றால், குணத்தைப் பழிக்குமுன் கிண்ணத்தைப் பார்க்கலாம். கம்பு, கேழ்வரகு, முளைகட்டிய பயறு, காய்கறி, எப்போதாவது அவித்த முட்டைத் துண்டு, இவை போதும்.

ஒரு விஷயத்தில் வரப்பெலி நிச்சயம் கொடுத்துவைத்தது. கத்திரி வெயிலில் அது மண்ணுக்கடியில் குளுமையாகக் கிடக்கிறது. கூண்டெலிக்கு வியர்த்துக் குளிரும் வசதி கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வால் வழியாகத்தான் வெளியேற்றும். மூன்றாகிவிட்டால் கூண்டும் பெரிதாக வேண்டும், ஏனெனில் மே மாதத்தில் ஒட்டிப் படுக்கும் எலிகளே தள்ளித் தள்ளிப் படுக்க இடம் கேட்கும். ஈர மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் முறைபோட்டு ஏறிப் படுத்துக்கொள்ளும்.

இதிலெல்லாம் ஒளிந்திருக்கும் சிக்கல் ஆயுள்தான். கூண்டெலி இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். கிழம் போனபின் இரண்டு குட்டிகள். அதில் ஒன்று போனபின் மறுபடி ஒற்றை. சென்னை மாதிரி ஊரில் எலி வளர்ப்பவர்கள் நாலு பேரைத் தேடிப் பிடித்துவிடலாம். மன்னார்குடியில் அது நடவாது. குட்டி வாங்கவே திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். எதிர்வீட்டுப் பையனிடம் நான் சொன்னது இதுதான். படிப்பு முடிகிற வரை தொடர்ந்து வளர்க்க எண்ணமிருந்தால் இரண்டு குட்டி வாங்கு. இல்லையென்றால் எங்கே ஏற்கெனவே நாலைந்து எலிகள் உள்ள வீடு இருக்கிறதோ, அங்கே இதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. துணையைக் கொண்டுவந்தாலும் துணை இருக்கும் இடத்துக்கு அனுப்பினாலும் எலிக்கு ஒன்றுதான். அவன் இரண்டாவதைத்தான் யோசிக்கிறான். பாட்டிக்கு மட்டும் இன்னும் சமாதானமில்லை. வயல்ல அத்தனை கிடக்கும்போது எலிக்குப் போய் பஸ் சார்ஜ் கொடுத்துச் சென்னை போவதா என்று கேட்கிறார்.